சட்டத்தில் இல்லாத கதவு

நான் சென்னையில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறவன். கறுப்பு அங்கி தைத்து வைத்துக்கொண்டு கட்சிக்காரருக்காகக் காத்திருந்து, அங்கி மட்டும் பழையதாகி, கட்சிக்காரர் வராமலே போனவர்களுக்கு ஏற்பட்ட நல்ல புகலிடம் அந்த உத்தியோகம். அங்கே கேட்பவர்கள் எழுந்து போக முடியாது; வருகைப் பதிவு இருக்கிறது.

ஒரு சட்டப் பத்திரிகைக்குக் கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். சட்டசபையின் அதிகாரம் ஒரு குடும்பத்துக்குள் எதுவரை செல்லும் என்பது விஷயம். சிலோனில் முஸ்லிம்களின் கலியாணத்துக்கும் விவாகரத்துக்கும் புதிதாக ஒரு சட்டம் வந்திருந்தது. ஊருக்கு ஊர் காதி என்று ஒரு நீதிபதி. அவரும் அந்த ஊர்க்காரர்தான். பெரும்பாலும் தம் வீட்டிலேயே விசாரிப்பார். அவர் முன்னால் வக்கீல் எவரும் ஆஜராகக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வக்கீல் இல்லாமல் நீதி எப்படிக் கிடைக்கும் என்று என் சக ஆசிரியர்கள் கவலைப்பட்டார்கள். நான் வக்கீலாக நின்ற இரண்டு வழக்குகளிலும் அது எப்படிக் கிடைக்காமல் போயிற்று என்பது எனக்குத் தெரியும். ஆகவே நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன்.

மட்டக்களப்பில் ரயிலை விட்டு இறங்கியபோது ஒரு கறுப்புக் கார் காத்திருந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய கார். அதன் உரிமையாளரும் சாரதியும் ஒருவரே: இஸ்மாலெப்பை. நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட சாரம், வெள்ளைத் தொப்பி, எதையோ கேட்கப்போய் நிறுத்திக்கொண்ட மாதிரி ஒரு முகம். பின்சீட்டில் ஒரு தலையணையும், மடித்த போர்வையும், ஒரு தகரக் குவளையும் இருந்தன. தலையணையை மட்டும் மரியாதையாக எடுத்துத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“உங்கள் சொந்தக் காரா?” என்றேன்.

“ஓம் சேர். இப்போதைக்கு ஊடும் இதுதான்.”

வீட்டைத்தான் ஊடு என்கிறார் என்று புரிந்தது. நல்ல நகைச்சுவை என்று எண்ணி உரக்கச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் வெகு தூரம் சிரிக்கவில்லை.

ஒரு பக்கம் வாவி, மறு பக்கம் கடல், நடுவில் ஒரு நாடாவைப் போட்டது போலத் தெரு. மருதமுனையைத் தாண்டும்போது வேலிக்கு வேலி தறிச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் ரேடியோச் சத்தம் கேட்பது போல. பொழுது சாயும் வேளைக்குக் கல்முனை வந்து சேர்ந்தோம்.

எனக்கு இடம் கொடுத்தவர் ஒரு பிரக்கிராசியார். கோர்ட்டில் ஆஜராகவும் செய்வார், நிலம் வீடுகளுக்குப் பத்திரமும் எழுதுவார். அப்படிப்பட்டவருக்கு அங்கே அந்தப் பெயர். பத்திரத்தை உறுதி என்கிறார்கள். குட்டையான, உருண்டையான மனிதர். “உங்கள் வீடு பெரிய வீடு” என்று நான் உபசாரமாகச் சொன்னதும் கையை ஆட்டி மறுத்தார்.

“என்ட ஊடு இல்ல சேர். மனிசிட ஊடு. நானும் விருந்தாளிதான். கொஞ்சம் பழைய விருந்தாளி.” மனைவியைத்தான் மனிசி என்றார்.

புட்டும், தேங்காய்ப்பால் விட்ட மீன் ஆணமும் வந்தன. குழம்பை ஆணம் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். பிறகு சட்டியோடு எருமைத் தயிரும், கித்துல் பாணி என்ற கூந்தற்பனைப் பாகும். சட்டியைக் கவிழ்த்தாலும் இந்தத் தயிர் விழாது என்றார் பிரக்கிராசியார். ஆதாரம் கேட்பது என் தொழில். கவிழ்த்தேன். விழவில்லை. உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொரு தடவை கவிழ்த்தேன். அன்று இரவு என் வேஷ்டியை அந்த வீட்டுப் பெண்கள் துவைக்க வேண்டியதாயிற்று.

வேறு வேஷ்டியில் உட்கார்ந்து என் கேள்விகளைத் தொடங்கினேன். ஒரு கத்தை கேள்விகள் கொண்டுபோயிருந்தேன். அவற்றில் உருக்கமானது முதலில் வந்தது: காதியார் விவாகரத்துக் கொடுத்துவிட்டால் பாவம், அந்தப் பெண்கள் எங்கே போவார்கள்?

பிரக்கிராசியார் உட்புறம் திரும்பி, “இஞ்ச கேட்டீங்களா, பொம்புளைகள் எங்க போவாங்க என்டு சேர் கேக்கார்” என்றார். திரைச்சீலைக்குப் பின்னால் சமையல்கட்டு முழுவதும் சிரித்தது.

“பொம்புள எங்கயும் போறல்ல சேர். ஊடு அவடதானே. கலியாணத்தண்டே எழுதிக் குடுத்திருவம். ஆம்பிளதான் வெளிக்கிடோணும். அவர் எங்க போறது என்டுதான் எங்களுக்கும் தெரியா. பெத்த உம்மாட ஊடு தங்கச்சிக்குப் போயிரிக்கும்.”

“சட்டம் அப்படிச் சொல்கிறதா?”

“ஒரு சட்டமும் சொல்லல்ல. இந்தக் கரையில இவ்வளவு காலம் உறுதி எழுதுறன். மாப்பிள்ளைக்கு ஊடு எழுதினதா எனக்கு ஞாபகம் இல்ல.”

எங்கள் பக்கத்து மலையாளக் கரையில் தாய்வழிச் சொத்துமுறை இருந்தது. சட்டசபை உள்ளே புகுந்து ஆளுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுத்தது. அதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பாடம் நடத்தியிருக்கிறேன். இங்கே சட்டசபைக்கு அப்படி ஒரு முறை இருப்பதே தெரியாது. முறைக்கும் சட்டசபையைத் தெரியாது. இரண்டும் ஒரே தெருவில் எதிரெதிரே போகின்றன, முட்டிக்கொள்ளவில்லை. இதைக் கட்டுரையில் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

மறுநாள் அட்டாளைச்சேனைக்குப் போக வேண்டியிருந்தது. ஆசிரியர் கலாசாலையில் பழைய வழக்கங்கள் தெரிந்த ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். இஸ்மாலெப்பைதான் கூட்டிப் போனார். காரைதீவைக் கடந்து நிந்தவூருக்குள் போன கார், ஒரு பச்சைக் கேட் வந்ததும் பெருமூச்சு விட்டு நின்றது. முன்புறத்திலிருந்து ஆவி கிளம்பியது.

“தண்ணி முடிஞ்சிட்டு” என்றார் இஸ்மாலெப்பை. வீடுகள் நிறைந்த அந்தத் தெருவில் அந்தப் பச்சைக் கேட்டின் முன்னால்தான் தண்ணீர் முடிய வேண்டுமா என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

கேட் திறந்தது. முக்காடு போட்ட ஓர் அம்மாள் கையில் தண்ணீர்க் கேத்தலோடு வந்து நின்றார். கேத்தலைக் கொடுத்துவிட்டுக் காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

“தண்ணியத்தான் இவ்வளவு தூரம் தேடி வந்தீங்களோ இஸ்மாலெப்பை காக்கா?”

“கார் நிண்டிட்டு ராத்தா.” அங்கே அண்ணன் காக்கா, அக்கா ராத்தா.

“நிக்கும். வெளிய வெய்யிலுக்க கொண்டு வந்தா நிக்கும்தானே. கதவெல்லாம் போட்டு ராசா மாதிரி வெச்சிரிக்கீங்க. சளி புடிக்காம பாத்துக்கோங்க.”

இஸ்மாலெப்பை தலையைக் குனிந்துகொண்டு தண்ணீர் ஊற்றினார். அது பாதிக்கு மேல் வெளியில் போயிற்று. அந்த அம்மாள் கேத்தலைத் திருப்பி வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்து, “தொர ஆரு?” என்றார்.

“இந்தியாவிலிரிந்து சட்டம் படிப்பிக்கிறவர்.”

“நல்லம். கதவு என்னத்துக்குச் செய்யிற என்டு சட்டத்தில இரிந்தா இவருக்குச் சொல்லிக் குடுங்க தொர.”

கேட் மூடிக்கொண்டது. கார் இன்னும் கிளம்பவில்லை. நான் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினேன். பின்னால் இரண்டு பேர் வந்து கை கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் வந்து நான் தள்ளுவது எந்தப் பக்கத்துக்கு என்று விசாரித்தார்.

ஒலுவில் வந்ததும் ஒரு கடையில் காரை நிறுத்திச் சர்க்கரையைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தோம். அங்கேதான் இஸ்மாலெப்பை வாயைத் திறந்தார். அவருடைய மகள் சித்திக்குப் பதினெட்டு வயது. மகளுக்கு வீடு கட்டித்தான் கலியாணம் செய்ய வேண்டும். ஒரே வேலிக்குள் இருந்த வளவில் தாயின் வீட்டுக்குப் பக்கத்திலேயே மகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். கல்லும் ஓடும் இன்னும் வரவில்லை. ஆனால் கதவு வந்துவிட்டது: முதிரை மரத்தில் பூவேலை செய்த இரட்டைக் கதவு, நிலையோடு. அந்தக் கரையில் அப்படித்தான். கதவு வந்துவிட்டால் வீடு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

கதவு வளவில் சாய்ந்தே கிடந்தது. கறையான் பிடித்துவிடும் என்று இஸ்மாலெப்பைக்குப் பயம். காருக்கு அப்போதுதான் ஒரு கொட்டில் போட்டிருந்தார். கொட்டிலுக்கு முன்புறம் வெறுமையாக இருந்தது. ஒரு மத்தியானம் மனைவி ஆசியா உம்மா தம்பி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், மகளின் கதவைக் கொண்டுபோய்க் காருக்கு மாட்டிவிட்டார்.

“பத்திரமா இரிக்கட்டும் என்டுதான் சேர் மாட்டின. பாக்கவும் வடிவா இரிந்தது.”

அதே வாரத்தில்தான் நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய் பெண்ணின் வீட்டைப் பார்க்க வந்தார். வெளியில் நின்றபடியே கார் கொட்டிலைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். மகளுக்கு வைத்த கதவு காருக்குப் போய்விட்டதென்றால் வீடு வராது, கலியாணத்தில் இவர்களுக்கு மனம் இல்லை என்று எடுத்துக்கொண்டார். வெற்றிலையைத் தொடவில்லை, எழுந்து போய்விட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த அம்மாள் அவர்தான்.

“அண்டைக்கு ராவு ஊட்டுக்குப் போறன், பூட்டிக் கிடக்கு. ‘கார்க்காரர் காரோட படுக்கட்டும்’ என்டு உள்ளுக்கிரிந்து கேக்குது. ஒரு மாசமாச்சு. அதுக்குப் பொறகு என்னோட ஒரு கதையும் இல்ல. என்னப் பத்தி ஆரோடயும் கதைச்சாலும் கார்க்காரர் என்டுதான்.”

“கதவைக் கழற்றிவிட வேண்டியதுதானே?”

“கழட்டினா நான் பிழ செஞ்சதா ஊருக்குத் தெரியுமே சேர்.”

இப்போது மட்டும் ஊருக்கு என்ன தெரிகிறது என்று நான் கேட்கவில்லை. என் மூளையில் வேறொன்று எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஊரில் மனைவி காரணமில்லாமல் பிரிந்திருந்தால், கணவன் கோர்ட்டுக்குப் போய், அவளைத் திரும்பி வந்து தன்னோடு வாழும்படி உத்தரவு வாங்கலாம். வருஷா வருஷம் அதற்குப் பரீட்சையில் கேள்வி கொடுக்கிறவன் நான். அதை இஸ்மாலெப்பையிடம் சொன்னேன். அவர் தேத்தண்ணீரைக் கீழே வைத்துவிட்டார்.

“கோடு அப்படிச் சொல்லுமா சேர்? உள்ளதா?” கோர்ட்டைத்தான் கோடு என்றார்.

எத்தனையோ வருஷமாக வகுப்பறையில் யாரும் என் பேச்சை அந்த முகத்தோடு கேட்டதில்லை. அந்த முகத்துக்காக நான் இன்னும் பெரிய தப்புக்கூடச் செய்திருப்பேன். அட்டாளைச்சேனைக்காரரை மறந்துவிட்டுத் திரும்பினோம்.

அன்று மாலையே மனு எழுத உட்கார்ந்தேன். பிரக்கிராசியார் எட்டிப் பார்த்தார். இந்த மாதிரி விஷயத்தில் காதியாருக்குச் சமரசம் செய்துவைக்க அதிகாரம் உண்டு என்றார். “பிரக்கிராசி போகத்தான் ஏலாது. எழுதுறதுக்குத் தடை இல்ல. எழுதுங்க, நல்லா எழுதுங்க” என்று ஊக்கினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைத் தொழில்முறை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மூன்று பக்கம். இல்லறத்தின் கடமைகள், கணவனின் உரிமைகள், அரசும் நீதிமன்றமும் குடும்பத்தைக் காக்க வேண்டிய அவசியம் எல்லாம் அதில் இருந்தன. கடைசியில் வேண்டுகோள்: ‘மேற்படி ஆசியா உம்மா மேற்படி மனுதாரரின் இல்லத்துக்குத் திரும்பி வந்து அவருடன் வாழும்படி உத்தரவிட வேண்டுமென்று பணிவுடன் பிரார்த்திக்கிறேன்.’ வாசித்துக் காட்டினேன். இஸ்மாலெப்பைக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் லேசாக.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஊர் முழுவதும் சலவைச் சட்டையில் இருந்தது. ஜும்ஆத் தொழுகை முடியும்வரை எந்தக் கதையும் இல்லை, முடிந்த பிறகு சாப்பாட்டைத் தவிர வேறு கதை இல்லை. வட்டிலப்பம் கொடுத்தார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் முட்டையும் கலந்து அவித்த பண்டம். அதைச் சாப்பிட்ட பிறகு மனிதனுக்குச் சட்ட அறிவு மங்கிவிடும் என்பதைத் தவிர அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை காலையில் விசாரணை. காதியாரின் வீட்டு விறாந்தையில் ஒரு மேசை, இரண்டு பெஞ்சு, ஒரு சுவர்க்கடிகாரம், மேசைக்கடியில் ஓர் ஆடு. வக்கீல் சாயல் உள்ளவன் என்பதால் நான் விறாந்தையில் ஏறாமல் கிணற்றடியில் நின்றேன். என் வாழ்நாளில் ஒரு கோர்ட் என்னை வக்கீலென்று மதித்து வெளியில் நிறுத்தியது அதுதான் முதல் தடவை. ஆசியா உம்மா உள்ளறையில் திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தார். அவருடைய தம்பி வாசலில் நின்றார்.

காதியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை உரக்க வாசித்தார். நல்ல குரல். மூன்று பக்கமும் கிணற்றடிவரை கேட்டது. எனக்கே பெருமையாக இருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நின்றார். திரும்ப ஒரு தடவை மனதுக்குள் வாசித்தார்.

“இஸ்மாலெப்பை. ‘மனுதாரரின் இல்லம்’ என்டு எழுதியிரிக்கி. எந்த ஊடு?”

இஸ்மாலெப்பை தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“ஒங்களுக்கு ஊடு இரிக்கா?”

“இல்ல காதியார்.”

“உம்மாட ஊடு?”

“அது தங்கச்சிக்கு எழுதியாச்சு.”

“அப்ப இவங்க எங்க திரும்பி வாற? நீங்க எங்க இரிக்கீங்க?”

இஸ்மாலெப்பை மெதுவாகக் கையைத் தூக்கித் தெருவைக் காட்டினார். தெருவில் கார் நின்றது. பின்சீட்டில் தலையணை தெரிந்தது.

காதியார் எழுந்து எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். “பொஞ்சாதிய காருக்குள்ள வந்து வாழச் சொல்லி நான் தீர்ப்பு எழுதோணுமோ?”

திரைச்சீலைக்குப் பின்னால் யாரோ வாயைப் பொத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. தம்பிக்காரர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். “இத எழுதினது ஆரு?” என்றார் காதியார். இஸ்மாலெப்பை கிணற்றைக் காட்டினார். ஒளிந்துகொள்ளக் கிணற்றைத் தவிர வேறு இடம் இல்லாததால் நான் போய் விறாந்தையின் ஓரத்தில் நின்றேன். வக்கீலாக அல்ல, எழுதியவனாக என்று காதியார் தெளிவுபடுத்திக்கொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஆசியா உம்மாவின் குரல் வந்தது. சண்டைக்காரக் குரல் அல்ல. சந்தேகம் கேட்கிற குரல்.

“சேர் எழுதின தமிழ் நல்லா இரிக்கி. ஆனா ஊடு பிழையான பக்கத்தில நிக்கி. ஒங்கட ஊர்ல பொம்புளைய ஆம்பிளட ஊட்டுக்குப் போகச் சொல்லிக் கோடு சொல்லுமாமே. ஆம்பிள வாசலச் சாத்திட்டா, பொம்புளைக்குத் தொறந்து குடுக்கச் சொல்லுமா?”

புத்தகப்படி பதில் உண்டு. மனைவியும் அதே வழக்குப் போடலாம். திறந்து கொடு என்று கோர்ட்டும் சொல்லலாம். ஆனால் நான் படித்த தீர்ப்புகளில் அப்படித் திறந்த கதவு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. “சொல்லலாம் அம்மா” என்றேன்.

“நான் இவர வேணாம் என்டு சொல்லல்ல” என்றது குரல். “பிரிச்சு வைக்கச் சொல்லியும் கேக்கல்ல. மகள்ர கதவு மகள்ர வளவில நிக்கட்டும். என்ட வாசல் தொறந்துதான் இரிக்கும்.”

“ஊடு இல்லாம கதவ எங்கடி வெக்கிற?” என்று இஸ்மாலெப்பை ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக மனைவியிடம் நேராகக் கேட்டார்.

பதில் காதியாருக்குப் போயிற்று. “கார்க்காரருக்குச் சொல்லுங்க காதியார். கதவு நிண்டா ஊடு வரும். கதவு போனா ஆரும் வர மாட்டாங்க.”

காதியார் சட்டப் புத்தகத்தை எடுத்தார். நானும் ஆவலாகப் பார்த்தேன், தொழில் புத்தி போகாதே. விவாகரத்து, தாபரிப்பு என்கிற ஜீவனாம்சம், பெண்ணுக்குக் கணவன் தர வேண்டிய மஹர், மாப்பிள்ளைக்குக் கொடுத்த கைக்கூலியைத் திருப்பி வாங்குவது என்று விரலை ஓட்டிக்கொண்டே போனார். கதவு கைக்கூலி இல்லை. மாப்பிள்ளைக்குக் கொடுத்ததும் இல்லை. மகளுக்கு இன்னும் உறுதி எழுதாததால் மகளின் சொத்தும் இல்லை. கடைசியில் புத்தகத்தை மூடி அதன்மேல் மூக்குக்கண்ணாடியை வைத்தார்.

“இந்தச் சட்டத்தில கதவு இல்ல. கழட்டு என்டு கட்டளை போட எனக்கு அதிகாரம் இல்ல, இஸ்மாலெப்பை. கழட்டாத என்டு சொல்லவும் இல்ல. சமரசத்துக்காக ஒத்திப்போடுறன்.” ஆட்டை மேசைக்கடியிலிருந்து விரட்டிவிட்டு அடுத்த கட்சிக்காரரைக் கூப்பிட்டார்.

திரும்பி வரும்போது இஸ்மாலெப்பை என் பக்கம் பார்க்கவே இல்லை. தெருவைப் பார்த்தபடியே, “மாரி வருது. காருக்கு மழ படுமே சேர்” என்றார். நான் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை. அன்று நான் அந்த ஊருக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். பிரக்கிராசியாருக்கு விஷயம் எங்களுக்கு முந்தியே வந்து சேர்ந்திருந்தது. ‘மனுதாரரின் இல்லம்’ என்று சொல்லிச் சொல்லி இரவுச் சாப்பாடு முழுவதும் சிரித்தார். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “சட்டம் ஆராயத்தானே சேர் வந்தீங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். இஸ்மாலெப்பை கொட்டிலிலிருந்து கதவைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஊர் வேலிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தது. உதவிக்குப் போனேன். முதிரை மரம் எவ்வளவு கனம் என்பதை என் வலது கால் பெருவிரல் அறிந்துகொண்டது. மகளுக்கென்று விட்டிருந்த வெறும் மணலில் குழி தோண்டி, நிலையை நட்டு, கல் போட்டு இறுக்கி, இரண்டு கதவையும் மாட்டினார்கள். ஃபாத்திஹா ஓதி ஆளுக்கு ஒரு பிடி பாற்சோறு கொடுத்தார்கள். சுவர் இல்லை, கூரை இல்லை. மணலில் பூவேலை செய்த ஒரு கதவு தனியாக நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. சுற்றிப் பார்த்தேன், அங்கே வேறு யாருக்கும் வரவில்லை.

என் கட்டுரை பிறகு அச்சில் வந்தது. அதில் இந்தக் கதவைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அது சட்டம் சம்பந்தப்பட்டதல்ல என்று பத்திரிகை ஆசிரியர் எடுத்துவிட்டார். ஆகவே மிச்சத்தை இங்கே சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை நான் புறப்பட வேண்டும். பெட்டியோடு இஸ்மாலெப்பையின் வளவுக்குப் போனபோது கொட்டிலில் கார் முன்புறம் திறந்து கிடக்க நின்றது. அவர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையணை இன்னும் பின்சீட்டில்தான் இருந்தது. “கொஞ்சம் பொறுங்க சேர், நிந்தவூர் ஆக்கள் வாறாங்களாம்” என்றார். கண்ணாடியில் அழுக்கே இல்லை.

ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. கேத்தல் அம்மாளும், இன்னும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். கதவுக்கு அப்பால், வீடு வர வேண்டிய இடத்தில், மணலில் புதுப் பாய் விரித்து வெற்றிலைத் தட்டு வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் கதவின் முன்னால் வந்து நின்றார். கதவின் பூவேலையைத் தடவிப் பார்த்தார். பிறகு தாழ்ப்பாளை நீக்கி, இரண்டு கதவையும் தள்ளித் திறந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து உள்ளே போனார். உள்ளே என்றால் அந்தப் பக்கத்து மணலுக்கு. மற்ற இரண்டு பெண்களும் பின்னாலேயே ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். பாயில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார்கள்.

என்னையும் கூப்பிட்டார்கள். கால் விரல் வீங்கியிருந்தது. நான் நொண்டிக்கொண்டு கதவுக்குப் பக்கமாகக் குறுக்கே பாயை நோக்கி நடந்தேன்.

“தொர” என்றார் அந்த அம்மாள். “செவருக்குள்ளால வாறீங்க.”

நின்றேன். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, குனிந்து, கதவு வழியாக வந்தேன். என் தலை நிலையில் இடித்தது. “இப்ப சரி” என்றார் அவர்.

அப்போது பக்கத்து வீட்டுச் சமையல்கட்டிலிருந்து ஆசியா உம்மாவின் குரல் கேட்டது. “புள்ளட வாப்பாவயும் வரச் சொல்லுங்க. சோறு ஆறுது.”

இஸ்மாலெப்பை துணியைப் போட்டுவிட்டுக் காரின் பின்கதவைத் திறந்து தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போக நேர்வழி இருந்தது. ஆனாலும் அவர் சுற்றிவந்து மகளின் கதவு வழியாகத்தான் நுழைந்தார். நுழைந்த பிறகு திரும்பி, ஆடு வந்துவிடும் என்று இரண்டு கதவையும் கவனமாகச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.